சூட்டு வெள்ளை, குளிர் வெள்ளை

அன்பு மச்சாள் புனிதாவுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. நீ இருக்கிற இடத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியாததால் விட்டுவிடுகிறேன். இங்கே உன் புருசன், என் அண்ணன், சுகம், உன் மகள் சுகம், நானும் முழங்கால் நோவைத் தவிர சுகம். கடையும் திறந்துதான் இருக்கிறது.

கோயில் மலருக்கு உன் நினைவாக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ஈடுசெய்ய முடியாத இழப்பு, ஆறாத்துயர் என்றெல்லாம் எழுதுவது எனக்கு வராது. அந்த வசனங்களை நாம் இருவரும் எத்தனை நினைவு கார்ட்டுகளில் வெட்டி ஒட்டியிருப்போம், இப்போது உனக்கே ஒட்ட மனம் ஒப்பவில்லை. அதனால்தான் கடிதம். ஊரார் வாசிப்பார்கள், வாசிக்கட்டும். நீ உயிரோடு இருந்தபோதும் நாம் கதைத்ததையெல்லாம் செங்கலடிச் சந்தி கேட்டுக்கொண்டுதானே இருந்தது, உன் தொண்டை அப்படி.

கடையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மருந்துக்கடைக்கு மேலே அதே அறை, தெருவைப் பார்த்த அதே யன்னல், அதே நீள மேசை. வந்தாறுமூலை கம்பஸ் பிள்ளைகள் பிறந்தநாள் கார்ட்டுக்கு வந்து, அரை மணித்தியாலம் படம் எடுத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போவதும் அப்படியே. வெட்டுவது, மடிப்பது, ஒட்டுவது என் வேலை. நிறம் சேர்ப்பது உன் வேலை. உன் வேலையையும் இப்போது நானே செய்கிறேன், எப்படிச் செய்கிறேன் என்று மட்டும் கேட்காதே.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நம்முடைய கடையில் சிவப்பும் நீலமும் குறைவு. வெள்ளை, கஞ்சி, மணல், தவிடு, உமிச்சாம்பல், கூரை வேய்கிற காய்ந்த கிடுகின் பழுப்பு, இவைதான் எங்கள் தட்டுகளில் இருக்கும். பெயர்களை வைத்தது நீ. கடதாசி விற்கும் கொம்பனிக்காரர் என்ன பெயர் வைத்திருந்தாலும் உனக்குக் கவலையில்லை. "எல்லாம் ஒரே நிறம்தானே" என்று யாராவது சொன்னால் அவரை யன்னலடிக்கு இழுத்துக்கொண்டுபோய் இரண்டு வெள்ளைத் தாளை அருகருகே பிடிப்பாய். ஒன்று மஞ்சள் அடிக்கும், மற்றது நீலம் அடிக்கும்.

சாப்பாட்டைச் சூடு, குளிர் என்று பிரிப்பதுபோல நீ தாளையும் பிரித்து வைத்தாய். கஞ்சியும் தவிடும் மணலும் சூடு. நீலம் அடிக்கும் வெள்ளையும் ஈயச் சாம்பலும் குளிர். "ரெண்டையும் ஒண்டாக் குடுத்தா சளி பிடிக்கும் மச்சாள்" என்பாய். ஒரு கார்ட்டில் மூன்று நிறம் போதும், ஒன்று வெளிச்சம், ஒன்று நடு, ஒன்று இருட்டு. மூன்றும் வழவழப்பாக இருந்தால் கார்ட் செத்துப்போகும் என்று ஒன்றையாவது சொரசொரப்பாக எடுப்பாய். ரியூப் லைட்டில் ஒருநாளும் முடிவுசெய்ய விடமாட்டாய்.

கடைசியில் மஞ்சள். மேசை மூலையில் ஒரு போத்தல் மூடியில் குழைத்த மஞ்சள் எப்போதும் இருக்கும். கல்யாண கார்ட் என்றால் வீட்டுக்குப் போனதும் நாலு மூலையிலும் மஞ்சள் பூசத்தானே போகிறார்கள், அதற்குப் பிறகும் நிறம் தாங்கவேண்டும் என்று நீ துண்டுத்தாளில் பூசிப் பார்ப்பாய். சூட்டு வெள்ளை மஞ்சளைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். குளிர்ச் சாம்பலில் பூசினால் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை வரும். அப்படிப்பட்ட தாளைக் கல்யாணத் தட்டிலிருந்து எடுத்து நினைவு கார்ட் தட்டில் போட்டுவிடுவாய்.

சரி, செய்திக்கு வருகிறேன். உன் மகள் தர்ஷிக்குக் கல்யாணம் சரிவந்திருக்கிறது. உன் ஆண்டுத் திவசம் முடியட்டும் என்று காத்திருந்து பேசினோம். பொடியன் பெயர் ரமணன், கம்பஸில் ஒன்றாகப் படித்தவன், ஊர் கதிரவெளி. உனக்கு அவனைத் தெரியாது என்று உன் மகள் சொல்கிறாள். உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் நீ சொல்லவில்லை என்று நான் நினைக்கிறேன். எது உண்மை?

நல்ல பொடியன். தகப்பன் இவன் கைக்குழந்தையாக இருந்தபோது கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. தாய் கருவாடு போட்டும் சேனைப்பயிர் செய்தும் வளர்த்திருக்கிறா. நானும் தர்ஷிக்கு மாமி, இனி அந்த அம்மாவும் மாமி. குழப்பம் வேண்டாமென்று அவவை நான் சம்பந்தியம்மா என்றே சொல்கிறேன்.

கார்ட்டை வேறு யாரும் தொடக்கூடாது, தானே செய்வேன் என்றாள் உன் மகள். "அம்மாட கலர்லதான் மாமி. அம்மா வந்து மேடையில நிக்கப்போறல்ல. கார்ட்டிலயாவது அம்மா இரிக்கணும்." செய் என்றேன். நாலு நாள் கடையில் குந்தியிருந்து ஒரு கார்ட் செய்தாள். ஈயச் சாம்பல், நீலம் அடிக்கும் வெள்ளை, நடுவில் புகை நிறம். வெட்டு சுத்தம், மடிப்பு சுத்தம். முழுக்க முழுக்கக் குளிர்.

"இது அம்மாட கலர் இல்லயே புள்ள" என்று சொன்னேன்.

"என்ன மாமி கதைக்கிறீங்க, அந்தா இரிக்கே" என்று கண்ணாடி அலுமாரியைக் காட்டினாள். நீ செய்து வைத்த மாதிரிகள் அதில் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாகத்தான் இருந்தன. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, மஞ்சள் பூசிப் பார்க்கவும் தோன்றவில்லை. பின்னேர வெயில் அந்த அலுமாரியில் விழுகிறது, தெரியும்தானே. இத்தனை காலம் வெயில் பட்டுப் பட்டு உன் தவிடும் மணலும் வெளுத்துப் போயிருந்தன. உன் மகள் வெளுத்ததைப் பார்த்து இதுதான் அம்மா என்று எடுத்திருக்கிறாள். இது எனக்குப் பிடிபட ஒரு கிழமை ஆனது.

அந்தக் கிழமைக்குள் காரியம் கெட்டுவிட்டது. அச்சடிக்க முன் மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டவேண்டும் என்று நானும் அண்ணனும் தர்ஷியும் கதிரவெளிக்குப் போனோம். சம்பந்தியம்மா சந்தோசமாகத்தான் வாங்கினா. சாமித்தட்டுக்குக் கொண்டுபோனவ, அங்கே நின்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டா. "புள்ள, வந்து இதுக்கு மஞ்சளப் பூசு, நான் பூசப்படாது." அந்தப் பெண் ஓடிவந்து நாலு மூலையிலும் பூசினாள்.

பச்சை வந்தது. நீ சொன்ன அதே பாசிப்பச்சை, நாலு மூலையிலும். பக்கத்து வீட்டுப் பெண் விரலைப் பார்த்தாள், கார்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சம்பந்தியம்மா கார்ட்டைக் குப்புற வைத்துவிட்டு "தேத்தண்ணி குடிங்க" என்றா. தேத்தண்ணி குடித்தோம்.

அடுத்த நாள் ரமணன் தர்ஷிக்குப் போன் எடுத்திருக்கிறான். அம்மாவுக்கு விருப்பமில்லையாம், செத்த வீட்டு கார்ட் மாதிரி இருக்கிறதாம், சிவப்பில் ஏதாவது செய்தால் என்ன என்று கேட்டிருக்கிறான். பாவம், அவன் தாயின் வார்த்தையை அப்படியே சொல்லிவிட்டான். தாய் செத்த பிள்ளையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? தர்ஷி போனை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"என்ட அம்மா செத்த வீடுதானே மாமி. அவங்களுக்கு அது ஒத்துவராட்டி கார்ட்டும் வேணா, மண்டபமும் வேணா, ஒண்டும் வேணா."

அண்ணனிடம் கேட்டால் "நீங்க பொம்புளையள் பாத்து முடியுங்க" என்று வெளியே போய்விட்டார். உன் புருசன் மாறவில்லை. ரமணன் எடுத்த போனுக்கெல்லாம் இவள் பதில் கொடுக்கவில்லை. அவனும் பிறகு எடுக்காமல் விட்டான். நாள் குறித்த கல்யாணம், ஒரு தாளுக்காகக் குலைந்துவிடும்போல் இருந்தது. எனக்கு உன்மேல் கோபம் வந்தது, மச்சாள். இதையெல்லாம் சமாளிக்கவேண்டியவள் நீ. நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

அப்போதுதான் அலுமாரியிலிருந்த ஒரு மாதிரியைத் தற்செயலாகத் திறந்தேன். உள்பக்கம் வெயில் படவில்லை. தவிடு தவிடாகவே இருந்தது. பிழை எங்கே என்று விளங்கியதும் எனக்குப் பெரிய நிம்மதி. நிறத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரி என்று நினைத்தேன். யன்னலடியில் இருந்து, கஞ்சி வெளியே, மணல் நடுவில், கிடுகுப் பழுப்பில் ஒரு மெல்லிய கரை என்று வைத்தேன். மணல் சொரசொரப்பு, மற்ற இரண்டும் வழவழப்பு. மஞ்சள் பூசிப் பார்த்தேன், தாள் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தது. நீ பார்த்திருந்தால் ஒரு குறையாவது கண்டுபிடித்திருப்பாய். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

தர்ஷியிடம் சொல்லாமல் வாகரை பஸ் ஏறிக் கதிரவெளிக்குப் போனேன். சம்பந்தியம்மா தனியே இருந்தா, முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டு. கையைக் கழுவிவிட்டு வந்து கார்ட்டை வாங்கினா. "நீங்களே பூசுங்க" என்று மஞ்சளை என்னிடம் தந்தா. பூசினேன். அழகாக இருந்தது. நான் கொஞ்சம் பெருமையாகவே அவவின் முகத்தைப் பார்த்தேன்.

"வடிவாத்தான் இரிக்கு. நான் வடிவில்ல எண்டு சொல்லல்ல" என்றா. கார்ட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. கார்ட்டும் சேலையும் ஒரே நிறம். அது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"அவர் போய் முப்பத்தோராம் நாள் இந்த நிறத்தக் குடுத்தாங்க" என்று சேலையைத் தொட்டுக் காட்டினா. "கேட்டா குடுத்தாங்க? உடு எண்டாங்க, உடுத்தன். அண்டையில இரிந்து கஞ்சி, சாம்பல், மண்ணு. ஒருக்கா ஆரோ றோஸ் சேலை ஒண்டு தந்தாங்க, சீலப்பெட்டிக்குள்ள வச்சிக் கறையான் திண்டுட்டு. உங்கட மச்சாள் ஆசப்பட்டு எடுத்த நிறம் எண்டு பொடியன் சொன்னான். ஆசப்பட்டு எடுக்கிறவங்களுக்கு நல்ல நிறம்தான். எனக்கிட்ட இரிக்கிறது ஒரு மகன். அவன்ட கார்ட் கண்ணக் குத்துற மாதிரி இரிக்கட்டும் கா. வேற ஒண்டும் நான் கேக்கல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் ஓரம்தான் கிடைத்தது, ஆனாலும் வெளியே பார்க்கவில்லை. எத்தனை வருடம் அந்த மேசையில் இருந்து வெள்ளையைப் பற்றிக் கதைத்திருப்போம், மச்சாள். சூடு என்றோம், குளிர் என்றோம். அதை உடுத்திக்கொண்டு பஸ்ஸில் நமக்குப் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒருநாளாவது கேட்டோமா? எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்கும் சேர்த்து வெட்கப்பட்டேன், அதற்கு நீ கோபிக்கலாம்.

வீட்டுக்கு வந்து தர்ஷியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலுமாரி வெளுத்த கதையையும், சேலைக் கதையையும். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "அவங்களக் கடைக்கு வரச்சொல்லுங்க மாமி. அவங்களே எடுக்கட்டும்" என்றாள்.

ரமணன்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினான். மேலே ஏறி வரமாட்டேன் என்று கீழேயே நின்றுகொண்டான், கெட்டிக்காரன். சம்பந்தியம்மா கதவடியில் நின்று அறையைப் பார்த்தா. கஞ்சியும் தவிடும் மணலுமாகத் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்ததைப் பார்த்து, "எல்லாமே எங்கட நிறமா இரிக்கே" என்றா. தர்ஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தா. அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை.

சின்னப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கென்று வைத்திருக்கும் நிறத்தாள் கட்டு கீழ்த்தட்டில் இருக்கிறதே, அதை தர்ஷி மேசையில் விரித்தாள். சம்பந்தியம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினா. அரக்குச் சிவப்பை எடுத்துக்கொடுத்தேன், கௌரவமாக இருக்குமே என்று. தள்ளிவிட்டா. மஞ்சளைத் தள்ளினா. கடைசியில் எடுத்தது றோஸ். இருட்டிலும் தெரிகிற றோஸ். அதோடு சேர்க்க என்ன எடுத்தா தெரியுமா? கிளிப்பச்சை. மச்சாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ இருந்திருந்தால் அந்த யன்னலால் குதித்திருப்பாய்.

"வடிவா இரிக்கா மகள்?" என்று கேட்டா.

"வடிவா இரிக்கு மாமி" என்றாள் உன் மகள், கண் இமைக்காமல். பிறகு மேசை மூலையிலிருந்த போத்தல் மூடியை எடுத்து அவவுக்கு முன்னால் வைத்தாள். "மஞ்சள் பூசிப் பாருங்க. இஞ்ச எப்பவும் அப்பிடித்தான், பூசிப் பாத்துத்தான் எடுக்கிற."

சம்பந்தியம்மா கையைப் பின்னால் எடுத்தா. "நான் பூசப்படாது புள்ள."

"இது சடங்கில்ல மாமி. கடை வேல."

அவ என்னைப் பார்த்தா. நான் கத்தரிக்கோலைத் துடைப்பதில் கவனமாக இருந்தேன். அவ விரலை மூடிக்குள் விட்டு, றோஸ் தாளின் ஒரு மூலையில் தொட்டா. பிறகு இரண்டாவது மூலை. மற்ற இரண்டிலும் அவ பூச, தர்ஷி தாளைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிறத்தில் மஞ்சள் எப்படி இருந்தது என்று கேட்பாய். நன்றாக இருக்கவில்லை. உன் கணக்கில் அது தேறாத தாள். அதை அங்கே யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது கார்ட் எல்லாம் முடிந்து கட்டுக் கட்டாக இருக்கிறது. தர்ஷியும் ரமணனும் பழையபடி கதைக்கிறார்கள், கொஞ்சம் கூடவே கதைக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் நம்முடைய கடை கார்ட்டா இது என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். ஓம் என்று சொன்னேன்.

ஒன்று சொல்லவேண்டும். நேற்று தர்ஷி இல்லாத நேரம், கஞ்சியும் மணலும் கிடுகுப் பழுப்பும் எடுத்து உனக்கென்று ஒன்றே ஒன்று செய்ய இருந்தேன். எல்லாருக்கும் றோஸ் போகட்டும், உன் படத்துக்கு முன்னால் மட்டும் உன் நிறத்தில் ஒன்று வைப்போம் என்று. பாதி வெட்டும்போது அவள் வந்துவிட்டாள். என்ன செய்கிறேன் என்று பார்த்ததும் கத்தரிக்கோலைக் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"வேணா மாமி. தனியா கார்ட் குடுத்தா அம்மா செத்த ஆள் ஆயிடுவா. எல்லாருக்கும் போறத அம்மாக்கும் குடுங்க."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். நீ போன அன்று அழாததையும் சேர்த்து அழுதேன்.

ஆகவே மச்சாள், வருகிற வெள்ளிக்கிழமை காலையில் தன்னாமுனைக்கு உன் வீட்டுக்கு வருவேன். உன் படத்துக்கு முன்னால் வெற்றிலை பாக்கு வைத்து, மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே, உங்கட மகளுக்குக் கல்யாணம், கட்டாயம் வரவேணும் என்று வாயால் சொல்லி, கையால் கார்ட்டைத் தருவேன். றோஸ், கிளிப்பச்சைக் கரை. முகத்தைச் சுளிக்காமல் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் புருசனின் தங்கச்சி, உன் பிள்ளையின் மாமி,
என்றைக்கும் உன் மச்சாள்